மேற்படி ஜில்பேர் ஐந்து சென்டிமீட்டர் நகர்ந்த விவகாரம்

புதுச்சேரி,
ஜூலை 6, மத்தியானம்.

கடல்தரையை ஆராயக் கப்பலேறிப் போயிருக்கும் அருமை மருமகன் ழான்-லூக்குக்கு, உன் தாய்மாமனும், பிரெஞ்சுப் படையில் இருபத்திரண்டு வருஷம் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து அட்ஜுதான் பதவியில் ஓய்வு பெற்றவனும், இன்றைய தேதிவரை ஒருவருக்கும் பொய்க் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதவனுமாகிய ஜில்பேர் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தை ஜெனவியேவும் மாதாவின் கிருபையால் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதப் போன கையை நிறுத்திவிட்டேன், அது உண்மையாக இருக்காது. அங்கே நீயும் உன் கப்பலும், கப்பலுக்குக் கீழே நீ காவல் காக்கிற கடல்தரையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கேட்க வேண்டிய மரியாதையைக் கேட்டாயிற்று, இனிமேல் மரியாதை குறைந்தால் என்னைக் குற்றம் சொல்லாதே.

மருமகனே, எழுபத்துநாலு வயதுவரை நான் ஒழுங்காகத்தான் இருந்தேன். கெட்டது போன கிறிஸ்துமஸ் காலையில்தான். பூசை முடிந்து வந்து உட்கார்ந்தோம், உன் அத்தை தோசையும் கறிக்குழம்பும் வைத்தாள். மற்ற வீட்டுப் பிள்ளைகள் தோசையைத் தின்பார்கள். நீ அதை இரண்டாகப் பிய்த்தாய். இந்தப் பாதி இந்தியா, அந்தப் பாதி அண்டார்டிகா, பதிமூன்று கோடி வருஷத்துக்கு முன்னால் இரண்டும் ஒட்டிக்கொண்டு இருந்தன என்றாய். பிய்ந்த இடத்தில் தேங்காய்ச் சட்னியை விட்டாய். பூமிக்கு அடியிலிருந்து உருகின பாறை இப்படித்தான் பிளவு வழியாக மேலே வந்து உறைந்து புதுத் தரையாகிறது, இரண்டு பக்கமும் விலக விலக நடுவில் தரை பிறந்துகொண்டே இருக்கிறது என்றாய். அதன்மேல் கறிக்குழம்பை ஊற்றி, இதுதான் மாமா நம் வங்காள விரிகுடா என்றாய். பிறகு இந்தியாவை ஒரு விரலால் தள்ளிக்கொண்டே போய்த் தட்டோரத்தில் சிவனே என்று கிடந்த இட்லியில் மோதவிட்டாய். தோசை மடிந்து எழும்பியதும் இமயமலை என்று சொல்லிக் கை தட்டினாய். பிள்ளை ஒரு வாய் சாப்பிடவில்லை, அளைந்துவிட்டுப் போய்விட்டான் என்று உன் அத்தை இன்றுவரை சொல்லிச் சொல்லி மாய்கிறாள்.

அதோடு விட்டிருந்தால் நான் சிரித்துவிட்டுக் கை கழுவியிருப்பேன். நீ விடவில்லை. இன்னும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது, வருஷத்துக்கு ஐந்து சென்டிமீட்டர், வடகிழக்காக என்றாய். பாண்டிச்சேரி தனிப் பிரதேசமாயிற்றே, அதற்குமா என்று கேட்டேன். அதற்கும்தான் என்றாய். அப்படியானால் அந்தக் கரையில் இருக்கிற மாஹே, ஆந்திராவுக்குள் இருக்கிற ஏனாம், கீழே இருக்கிற காரைக்கால் எல்லாம் எங்களைக் கேட்காமல் கூடவே வருகின்றனவா என்று கேட்டேன். எல்லாம் ஒரே தட்டுதான் மாமா என்றாய். பிரெஞ்சுக்காரர்கள் ஊரை இந்தியாவிடம் ஒப்படைக்கும்போது போட்ட ஒப்பந்தத்தில் இது நகரும் சொத்து என்று ஒரு வரி எழுதியிருக்கிறதா? பிரான்சாவது நிற்கிறதா என்று கேட்டால், அதுவும் நகர்கிறது, நம்மில் பாதி வேகம் என்று கூசாமல் சொன்னாய். இருபத்திரண்டு வருஷத்தில் எந்த ஜெனரலும் எங்களிடம் இதைச் சொன்னதில்லை. அசையாதே என்றுதான் கத்தினார்கள், நாங்களும் அசையாமல்தான் நின்றோம், நின்ற இடம் அசைந்தது என்று இப்போது நீ வந்து சொல்கிறாய். கடல்தரையில் இருபது கோடி வயதுக்கு மேல் பழசு அநேகமாகக் கிடையாது, பழைய தரை அந்தமானுக்கு அந்தப் பக்கம் கீழே நுழைந்து மறைகிறது, அதற்கு ஈடாக நடுக்கடலில் புதுத் தரை பிறக்கிறது என்றும் சொன்னாய். யாருமே நடக்காத இடத்துக்கு ஓயாமல் புதுத்தரை போடுகிறது பூமி, நம் தெருவுக்குத் தார் போட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது.

நீ ஜனவரியில் விமானம் ஏறிப் போய்விட்டாய். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்துவிட்டுப் போய்விட்டாய் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்குத் தூக்கம் போய்விட்டது. சொல்தா எதையும் காதால் கேட்டு நம்பமாட்டான். வாசற்படி ஓரத்தில் ஓர் ஆணியை அடித்து, அதிலிருந்து படிவரை அங்குல நாடாவால் அளந்து குறித்துவைத்தேன். ஒரு மாதம் கழித்து அளந்தேன், ஒரு நூல் அளவு மாறவில்லை. பொய் சொன்னான் பயல் என்று சந்தோஷமாகக் காப்பி குடிக்கிறபோதுதான் உறைத்தது, படி நகர்ந்தால் ஆணியும்தானே நகரும், அளக்கிற நானும்தானே நகர்கிறேன். இந்த ஞானம் வந்தபோது தென்மேற்கு மதில் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவன் தியரி. அவனை உனக்குத் தெரியும். என் கீழே கப்பொராலாக இருந்தவன், என்னைவிட ஆறு வயது சின்னவன், இப்போது பக்கத்து வீட்டுக்காரன், ஓய்வுபெற்ற சொல்தாக்கள் சங்கத்துக்குச் செயலாளர். என்ன அண்ணே அளக்குறீங்க என்று கேட்டான். சொன்னேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையை நானே அன்றைக்கு ஆரம்பித்து வைத்தேன்.

சொன்னதோடு நின்றேனா, கணக்குப் போட்டும் காட்டினேன். எழுபத்துநாலு வருஷம், வருஷத்துக்கு ஐந்து, ஆக மூன்று மீட்டர் எழுபது. நான் பிறந்தது நம் வீட்டுக் கன்னிமூலை அறையில். அந்த அறை அன்றைக்கு எங்கே இருந்ததோ, அந்த இடத்தில் இன்றைக்கு இருப்பது தியரியின் கக்கூஸ். நான் வேண்டுமென்று சொல்லவில்லை, கணக்கு அப்படி வருகிறது. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், மூன்று தடவையும் கக்கூஸில்தான் வந்து நின்றது. புனிதர் பேர் வைத்து ஞானஸ்நானம் கொடுத்து வளர்த்த ஒரு மனுஷன், தான் பிறந்த இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டுமென்றால் அடுத்தவன் வீட்டுக் கதவைத் தட்டி, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்க வேண்டியிருக்கிறது. தியரி சிரித்தான். எப்ப வேணா வாங்க அண்ணே என்றான். அந்தச் சிரிப்பை நான் மனதில் குறித்து வைத்துக்கொண்டேன்.

இப்போது கேள், கேடு எங்கே வந்தது என்று. பிப்ரவரி மாதம் எங்களைப் போன்ற பிரெஞ்சுக் குடிமக்களான ஓய்வூதியக்காரர்கள் எல்லாரும் உயிரோடு இருக்கிறோம் என்று ஒரு பாரம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். அது உனக்குத் தெரியும், உன் தாத்தாவும் கொடுத்தார். அதில் ஆறாவது கேள்வி: சென்ற அறிவிப்புக்குப் பிறகு உங்கள் இருப்பிடம் மாறியிருக்கிறதா, வுய் அல்லது நோன், அதாவது ஆம் அல்லது இல்லை. அடியில், மேற்கண்டவை உண்மை என்று என் மானத்தின்மேல் ஆணையிடுகிறேன் என்று எழுதிக் கையெழுத்து. முப்பத்துமூன்று வருஷமாக நோன் போட்டு வந்தேன். இந்த வருஷம் பேனாவை எடுத்தால் கை ஓடவில்லை. மாறவில்லை என்று எப்படி எழுதுவது? வருஷா வருஷம் ஐந்து சென்டிமீட்டர் நகர்ந்துவிட்டு, முப்பத்துமூன்று தடவை மானத்தின்மேல் பொய்ச் சத்தியம் செய்திருக்கிறேன். பாரத்தை மூடி வைத்துவிட்டுப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன்.

பங்குச் சாமியார் புதிதாக வந்தவர், நல்லவர். விவரமாகச் சொன்னேன். அண்டார்டிகாவில் ஆரம்பித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது, வெளியே வரிசையில் நின்றவர்கள் நான் கொலைதான் செய்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்கள். திரைக்கு அந்தப் பக்கம் சாமியார் ரொம்ப நேரம் இருமினார். கடைசியில், தெரிந்தா செய்தீர்கள் என்று கேட்டார். தெரியாமல்தான் என்றேன். அப்போது பாவமில்லை, ஓர் அருள் நிறைந்த மரியே சொல்லிவிட்டுப் போங்கள் என்றார். இனிமேல் என்று கேட்டேன். "இனிமேதான் உங்களுக்குத் தெரியுமே" என்று சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டு நிறுத்திக்கொண்டார். சொன்னது சொன்னதுதான். நேராக வீட்டுக்கு வந்து வுய் என்ற கட்டத்தில் குறி போட்டேன். எவ்விடத்துக்கு என்ற கோட்டில், "வடகிழக்காக ஐந்து சென்டிமீட்டர், துணைக்கண்டம் முழுவதோடும், என் சம்மதம் இல்லாமல்" என்று நல்ல பிரெஞ்சில் எழுதினேன். உன் அத்தை எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "நோன்னு ஒரு கோடு போட்டா உங்க கை அழுகிடுமா" என்று கேட்டாள். மனச்சாட்சி அழுகிவிடும் என்று சொல்லி உறையில் போட்டு வைத்தேன், மறுநாள் அவள்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள். நான் உண்மையை எழுதிவிட்டேன் என்று தியரியிடமும், சங்கத்தில் அன்றைக்கு இருந்தவர்களிடமும் சொன்னேன். உண்மையை மறைத்துப் பேச எனக்கு என்ன அவசியம்?

மே மாதம் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. முத்திரை குத்தி, எண் போட்டு, ஐம்பது அடி தூரத்தில் இருக்கிற என் வீட்டுக்குத் தபாலில். மேற்படி ஜில்பேர் அவர்கள் தமது இருப்பிடம் மாறியதாக மானத்தின்மேல் அறிவித்திருப்பதால், கொடி ஏந்துபவர் ஊருக்குள் மாறாத இருப்பிடம் உடையவராக இருத்தல் வேண்டும் என்ற பதினோராம் விதிப்படி, வருகிற ஜூலை பதினாலாம் தேதி பிரெஞ்சுத் தேசிய நாளில் கொடியைச் செயலாளர் தியரி ஏந்துவார். மருமகனே, அந்த விதி எதற்குப் போட்டது தெரியுமா? எழுபத்தெட்டாம் வருஷம் ஒரு கப்பொரால் கொடியோடு காரைக்காலுக்குக் குடிபோய்விட்டான், அதற்காகப் போட்டது. நான் எங்கே கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்? பத்தொன்பது வருஷமாக அந்தக் கொடியை நான் ஏந்துகிறேன். பதக்கம் எல்லாருக்கும் இருக்கிறது, எனக்குக் கொடி இருந்தது. ஜூலை மாதம் வந்தால் கால்சராயை இஸ்திரி போட்டு, தோள் பட்டையைப் பாலிஷ் போட்டு, கடற்கரைச் சாலையில் போர் நினைவுச் சின்னத்துக்கு முன்னால் அந்தக் கம்பைத் தோல் பட்டையில் ஊன்றிக்கொண்டு நிற்கிற அந்த இருபது நிமிஷத்துக்காகத்தான் நான் மற்ற பதினோரு மாதமும் மாத்திரை சாப்பிடுகிறேன். இதை உன் அத்தையிடம்கூட நான் சொன்னதில்லை. கடிதத்தைப் படித்த அன்றைக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை, வயிறு சரியில்லை என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

படுத்தால் ஆகுமா? எழுந்து, பாரம் வாங்குகிற ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஜன்னலுக்குப் பின்னால் உட்காருகிறவள் அடுத்த தெரு மரி-லோர், நம் கோயிலில் பாடுகிற பெண். என் பாரத்தை ஏன் சங்கத்துக்குக் காட்டினீர்கள் என்று கேட்டேன். நாங்கள் யாருக்கும் எதையும் காட்டுவதில்லை மாமா என்றாள். பிறகு கம்ப்யூட்டரில் என்னவோ தட்டிப் பார்த்து, உங்கள் பேரில் இருப்பிடம் மாறினதாக ஒன்றும் இல்லையே என்றாள். பார்த்தாயா மோசடியை? எழுதிக் கொடுத்த உண்மையைக் கம்ப்யூட்டர் விழுங்கிவிட்டது, ஆனால் தண்டனை மட்டும் வந்து சேர்ந்துவிட்டது. பைலைத் தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றாள், இன்றுவரை சொல்லவில்லை.

சரி, இந்த வீட்டில்தான் இருக்கிறேன் என்று சர்க்காரிடமே சான்று வாங்கிவிடலாம் என்று இருப்பிடச் சான்றிதழுக்கு மனுப் போட்டேன். விசாரிக்க ராஜவேல் என்று ஒருவர் வந்தார், பையும் குடையுமாக, பாவம், வெயிலில் வந்த மனுஷர். எத்தனை வருஷமாக இதே இடத்தில் இருக்கிறீர்கள் என்று கேட்டார். இதே வீட்டில் பிறந்தேன், ஆனால் இதே இடத்தில் என்று சொல்ல முடியாது என்றேன். அவர் எழுதுவதை நிறுத்தினார். வீட்டை இடித்துக் கட்டினீர்களா என்றார். இல்லை, வீடு அப்படியே இருக்கிறது, இடம்தான் போய்விட்டது என்றேன். ஆக்கிரமிப்பா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். யாரும் ஆக்கிரமிக்கவில்லை, நான்தான் வடகிழக்குப் பக்கத்தை ஆக்கிரமித்துக்கொண்டே போகிறேன், அதுவும் என் விருப்பமில்லாமல் என்று விளக்கினேன். "ஐயா, வூட்ல பெரியவங்க வேற யாராவது இருக்காங்களா" என்று கேட்டார். எழுபத்துநாலு வயதுக்காரனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? மனுதாரர் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறார் என்று எழுதிக்கொண்டு, உன் அத்தை கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம்தான் பஸ் ஏறிக் காலாப்பட்டுக்குப் போனேன். அங்கே பல்கலைக்கழகத்தில் பூமியைப் பற்றிப் பாடம் நடத்துகிற கார்குழலி என்ற அம்மாளைப் போய்ப் பார்த்தேன். உன்னைப்போலவே சின்ன வயது, ஆனால் தோசையை வீணாக்காமல் படம் போட்டு விளக்கினார். நீ சொன்னது அத்தனையும் சரி என்றார், ஐந்துக்குக் கொஞ்சம் மேலேகூட இருக்கும் என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, நம் குடும்பத்தில் ஒருத்தனாவது உண்மை பேசுகிறானே என்று. அதை எழுதிக் கொடுங்கள் அம்மா என்றேன். புதுச்சேரி அமைந்திருக்கும் நிலத்தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் வடகிழக்கில் நகர்வதால், மேற்படி ஜில்பேர் அவர்கள் எழுதியது அறிவியல்படி உண்மை என்று அச்சடித்துக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் கடைசி ஞாயிறு சங்கக் கூட்டம். பதினாறு பேர் வந்திருந்தார்கள், பாதிப்பேர் கைத்தடியோடு. எழுந்து நின்று சான்றிதழை வாசித்தேன். வாசித்து முடித்தபிறகுதான் தெரிந்தது, நான் நகர்ந்தேன் என்பதற்கு இருந்த ஒரே சாட்சியையும் நானே கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள், நான் காலாப்பட்டுவரை பஸ்ஸில் போய் வாரிக்கொண்டு வந்தேன். ஆனாலும் விடவில்லை. நான் நகர்ந்தேன் என்றால் நீங்களும்தான் நகர்ந்தீர்கள், இந்தக் கட்டடமும், கொடி வைத்திருக்கிற பீரோவும், நினைவுச் சின்னமும் நகர்ந்தன, இந்த ஒரு வருஷத்தில் ஐந்து சென்டிமீட்டர் நகராதவன் எவனாவது இருந்தால் கை தூக்கட்டும் என்று கத்தினேன். ஒருத்தர் கை தூக்கினார், அவருக்குக் காது கேட்காது, காப்பி வேண்டுமா என்று கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார். மற்றவர்கள் யாரும் அசையவில்லை. அப்போது தியரி எழுந்து, கையை முன்னால் கட்டிக்கொண்டு மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, நாங்களும் நகந்திருக்கலாம். ஆனா நாங்க யாரும் எழுதிக் குடுக்கலியே."

இதற்கு என்ன பதில் சொல்வது? சொல், நீ படித்தவன்தானே. நகர்ந்தவர்கள் எல்லாரும் உள்ளே, எழுதிக் கொடுத்தவன் ஒருத்தன் வெளியே. பதினாறு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தன் என் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்க முகம் இருந்தால்தானே? நான் வெளியே வந்து கடற்கரைச் சாலையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிரே கடல். இத்தனை வருஷமாக அந்தப் பக்கம் பார்க்கும்போதெல்லாம் பிரான்சு ஞாபகம் வரும், அது அந்தத் திசையில் இல்லை என்று தெரிந்தும் வரும். அன்றைக்கு அண்டார்டிகா ஞாபகம்தான் வந்தது. அதுவும் ஒரு காலத்தில் நம் பக்கத்து வீடாக இருந்து, சொல்லாமல் கொள்ளாமல் விலகிப் போனதுதானே. சுண்டல்காரன் வந்து நின்றான், வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆகையால் மருமகனே, நீ செய்த வினைக்கு நீதான் பரிகாரம் செய்ய வேண்டும். இன்றைக்கு ஆறாம் தேதி. எட்டு நாள்தான் இருக்கிறது. உன் ஆராய்ச்சிக் கப்பலின் முத்திரையோடு, உன் பட்டங்கள் எல்லாவற்றையும் போட்டு, ஒரு சான்றிதழ் அனுப்பு. மேற்படி ஜில்பேர், தியரி வீட்டு மதிலைப் பொறுத்தவரையிலும், சங்கக் கட்டடத்தைப் பொறுத்தவரையிலும், போர் நினைவுச் சின்னத்தைப் பொறுத்தவரையிலும் ஒரு நூலும் நகரவில்லை என்று அதில் இருக்க வேண்டும். இது பொய்யில்லை, என் ஆணியே சாட்சி. அப்படி எழுத உன் விஞ்ஞானம் இடம் கொடுக்காவிட்டால், இந்த ஒரு வருஷம் மட்டும் இந்தியா நகரவில்லை என்று எழுதிவிடு, அடுத்த வருஷம் பத்தாக நகர்ந்து கணக்கைச் சரிக்கட்டிக்கொள்ளட்டும், பதிமூன்று கோடி வருஷமாக ஓடுகிற நாடு ஒரு வருஷம் மூச்சு வாங்கினால் குடியா முழுகிவிடும்? இரண்டும் முடியாது என்று மட்டும் எழுதாதே. அந்தக் கொடியைத் தியரி ஏந்துவதைப் பார்த்துக்கொண்டு கூட்டத்தில் நிற்க என்னால் முடியாது. கோபத்தில் சொல்லவில்லை, முடியாது என்றுதான் சொல்கிறேன்.

கடுதாசி தபாலில் போனால் நீ கரை சேர்ந்த பிறகுதான் கிடைக்கும். ஆகவே சாயந்திரம் மரி-லோர் வந்து இதைப் போனில் படம் பிடித்துக் கப்பலுக்கு அனுப்புவாள். உன் அம்மாவிடம் இந்த விஷயத்தைச் சொல்லாதே, என் தங்கைக்கு ரத்தக்கொதிப்பு, கொடி போய்விட்டது என்றால் தாங்கமாட்டாள். கப்பலில் வேளாவேளைக்குச் சாப்பிடு, சாப்பாட்டை வைத்துப் பாடம் நடத்தாதே. நடுக்கடலில் அந்தப் பிளவுக்கு நேர் மேலே ரொம்ப நேரம் நிற்க வேண்டாம், என்ன நேரத்தில் என்ன வருமோ. மாதாவும் உன் தாத்தாவின் ஆசீர்வாதமும் உன் கூடவே இருக்கட்டும், நாட்டைப்போல விலகிப் போகாமல் இருக்கட்டும்.

மனம் நொந்த உன் மாமா,
ஜில்பேர், ஓய்வுபெற்ற அட்ஜுதான்.

பி.கு.: மேலே எழுதியதைக் கிழித்துவிடலாம் என்று எடுத்தேன், எட்டுப் பக்கம் எழுதின கைவலி கிழிக்க விடவில்லை. ஆகவே முழுவதையும் அனுப்புகிறேன், நீ இதை மட்டும் படித்தால் போதும். சாயந்திரம் மரி-லோர் வந்தாள். படம் பிடிப்பதற்கு முன்னால், என் பாரத்தைப் பைலில் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னாள். அதில் ஆறாவது கேள்விக்கு நோன் என்று இருக்கிறதாம். நான் வுய் போட்டேனே என்று எகிறினேன். அடுப்படியிலிருந்து உன் அத்தை திரும்பிக்கூடப் பார்க்காமல், தான்தான் வேறு பாரம் நிரப்பிக் கொடுத்ததாகச் சொன்னாள். என் கையெழுத்து? நாற்பத்தாறு வருஷமாகப் பார்க்கிற கையெழுத்துத்தானே என்றாள். ஆக, சர்க்கார் பதிவுப்படி நான் ஓர் அங்குலமும் நகரவில்லை. அப்படியானால் கொடியை எதற்குப் பிடுங்கினான் தியரி, இப்போதே போய்ச் சட்டையைப் பிடிக்கிறேன் என்று செருப்பை மாட்டினேன். உன் அத்தை அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"போன வருஷம் கொடிய நீங்க தூக்கல. பின்னாலேருந்து ஒங்க இடுப்பு பெல்ட்டப் புடிச்சிக்கினு நின்னது தியரி. இருவது நிமிஷமும் அவந்தான் தாங்குனான். ஒங்க காலு நிக்கல. இத எப்படிச் சொல்றதுன்னு ஆறு மாசமா எங்கிட்ட வந்து வந்து அழுதுட்டுப் போனான். நீங்களே வந்து நாடு நகந்துபோச்சின்னு சொன்னீங்களா, அதப் புடிச்சிக்கினாங்க."

போன வருஷம் பின்னாலிருந்து ஏதோ தாங்குகிற மாதிரி இருந்தது உண்மைதான். கடற்காற்று என்று நினைத்தேன். ழான்-லூக், அந்தப் பதினாறு பேரும் என் கால் ஒன்றுக்காக ஒரு கண்டத்தையே நகர்த்தியிருக்கிறார்கள், நான் அவர்களுக்கு முகம் இல்லை என்று எழுதியிருக்கிறேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவர்களுக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் தியரி வெட்கத்தில் உயிரோடு இருக்கமாட்டான், எனக்கும் இந்தத் தெருவில் நடக்க முடியாது. ஆகவே மேலே கேட்ட சான்றிதழ் வேண்டாம். அதற்குப் பதிலாக, மேற்படி ஜில்பேர் நகர்ந்தது நகர்ந்ததுதான், அதில் எள்ளளவும் சந்தேகமில்லை, அவர் கொடி ஏந்தத் தகுதி அற்றவர் என்று கப்பல் முத்திரை போட்டு உடனே அனுப்பு. ஐந்து சென்டிமீட்டரை உன் மனச்சாட்சிக்கு இடமிருந்தால் எட்டாகப் போடு. பதிமூன்றாம் தேதி கூட்டத்தில் அதை நானே எழுந்து வாசித்து, தியரி கையில் கொடியைக் கொடுக்கப் போகிறேன். அவனுக்குப் பின்னால் நின்று பெல்ட்டைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருக்காது, ஆனாலும் நான் பின்னால்தான் நிற்பேன்.